கை அறியும் அழகு

ஜப்பானியக் கைவினைப் பாத்திரங்கள் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். உடைந்த கோப்பையைத் தங்கத்தால் ஒட்டுவார்கள் என்பது ஒன்று; கோணலையும் கீறலையுமே அழகாகக் கருதுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. தேநீர்ச் சடங்கு வளர்த்த ரசனையில் சீரற்ற வடிவத்துக்கும் காலம் ஏற்றிய கறைக்கும் மதிப்பான இடம் இருக்கிறது. ஆனால் அந்த ரசனையை மட்டும் பிடித்துக்கொண்டு, ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் புழங்கும் சோற்றுக் கிண்ணத்தையும் சூப் கிண்ணத்தையும் புரிந்துகொள்ள முடியாது. குறைதான் அழகு என்றால் அரைகுறையாகத் தொழில் கற்றவரே சிறந்த குயவராக இருக்க வேண்டும். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்தப் பொருள்களின் அழகு கடுமையான ஒழுங்கிலிருந்து பிறக்கிறது. ஒரே வேலையைப் பல்லாயிரம் முறை செய்து பழகிய கையின் ஒழுங்கு அது; மண்ணும் மரமும் விதிக்கும் ஒழுங்கு; சாப்பிடுகிறவரின் கையும் வாயும் விதிக்கும் ஒழுங்கு. கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு இதில் பாதிதான் தெரியும். மீதியைப் பயன்படுத்தித்தான் அறிய முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சாப்பாட்டு முறையைக் கவனிப்போம். குச்சிகளால் உண்ணும் பழக்கம் கிழக்காசியா முழுவதும் இருந்தாலும், பாத்திரத்தைக் கையாளும் விதம் நாட்டுக்கு நாடு வேறு. கொரியாவில் சோற்றுக் கிண்ணம் மேசையிலேயே இருக்கும். கரண்டியால் எடுத்து உண்பார்கள். அதனால் சூடேறும் உலோகக் கிண்ணம்கூட அங்கே தொந்தரவு தருவதில்லை. ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் ஏந்திச் சாப்பிடுவதே மரியாதை. மிசோ சூப்பைக் கரண்டியில்லாமல் கிண்ணத்தின் விளிம்பில் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். இந்தப் பழக்கத்திலிருந்தே பாத்திரத்தின் இலக்கணம் உருவாகிறது. ஏந்தும் பாத்திரம் கனக்கக் கூடாது. உதட்டில் படும் விளிம்பு கத்திபோல் மெலிந்தும் இருக்கக் கூடாது, தடித்தும் இருக்கக் கூடாது. கிண்ணத்தின் அடிவளையம் மேசையில் நிற்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. விரல்கள் தாங்கிப் பிடிக்கவும், சூடு நேராகக் கைக்கு ஏறாமல் தடுக்கவும் அதுவே உதவுகிறது. கொதிக்கும் சூப்பை ஊற்றினால் பீங்கான் சுட்டுவிடும், மரம் சுடாது. சூப் கிண்ணம் கடைந்த மரத்தில் அமைந்ததற்குக் காரணம் இதுதான். அதன் வாய் அகலம் வழக்கமாக நான்கு ‘சுன்’, அதாவது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். ஒரு கை ஏந்துவதற்கு ஏற்ற அளவு அது. பல வீடுகளில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொந்தச் சோற்றுக் கிண்ணமும் குச்சிகளும் உண்டு. ஒரு மனிதரும் ஒரு கிண்ணமும் ஆண்டுக்கணக்கில் ஒருவருக்கொருவர் பழகிக்கொள்ளும் ஏற்பாடு இது.

இனி அந்தக் கிண்ணம் செய்யப்படும் இடத்துக்குப் போகலாம். கியூஷு தீவில், ஒய்தா மாகாணத்தின் ஹிதா நகரத்தைச் சேர்ந்த மலைப்பகுதியில் ஒன்தா என்ற குயவர் கிராமம் இருக்கிறது. அங்கே 1705இல் தொடங்கிய தொழிலைச் சுமார் பத்துக் குடும்பங்கள் இன்றும் நடத்துகின்றன. மண் அந்த மலையிலிருந்தே வருகிறது. கெட்டியான அந்த மண்ணைப் பொடிக்க ஓடையோரம் நீர் உலக்கைகளை நிறுத்தியிருக்கிறார்கள். நீண்ட மரத்தண்டின் ஒரு முனை தொட்டிபோல் குடையப்பட்டிருக்கும். அதில் ஓடை நீர் நிறைந்ததும் அந்த முனை ஏற்றத்தின் துலாவைப் போலத் தாழ்கிறது; நீர் கொட்டியவுடன் மறுமுனை மண்மீது விழுந்து இடிக்கிறது. இப்படி இரவும் பகலுமாக வாரக்கணக்கில் இடித்தால்தான் மண் பொடியாகும். பிறகு அதை நீரில் கரைத்து, சலித்து, வண்டலாகப் படியவிட்டு, உலர்த்தி எடுக்க வேண்டும். சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுழற்றுகிறார்கள். மலைச்சரிவில் படிபோல் ஏறும் அறைகள் கொண்ட சூளையில் விறகால் சுடுகிறார்கள். பாத்திரத்தில் தனி மனிதர் பெயரைப் பொறிப்பதில்லை. ஜப்பானிய அரசு இந்தத் தொழிலை 1995இல் முக்கியமான அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்த உலக்கைகளின் ஓசை 1996இல் நாட்டின் நூறு சிறந்த ஒலிச்சூழல்களுள் ஒன்றாகத் தேர்வு பெற்றது. இங்கே கவனிக்க வேண்டியது உற்பத்தியின் வேகம். ஓடை தருகிற மண்ணுக்கு மேல் ஒரு குடும்பம் பாத்திரம் செய்ய முடியாது. பேராசைக்கு இயற்கையே வரம்பு கட்டியிருக்கிறது.

ஒன்தா தட்டுகளில் சிறு வெட்டுகள் வரிசையாகச் சுழன்று ஓடும் அலங்காரம் உண்டு. கருமையான மண்ணின்மீது வெண்களிமண் கரைசலைப் பூசி, பாதி உலர்ந்த நிலையில் சக்கரத்தைச் சுழற்றி, வளைந்த மெல்லிய இரும்புத் தகட்டை அதன்மேல் பிடிப்பார்கள். தகடு துள்ளித் துள்ளி விழும் இடங்களில் வெண்பூச்சு நீங்கி, அடியிலுள்ள நிறம் தெரியும். பார்ப்பதற்குத் தற்செயல்போல் தோன்றும். ஆனால் வெட்டுகளின் இடைவெளியைச் சக்கரத்தின் வேகம், தகட்டின் விறைப்பு, மண்ணின் ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று பிசகினாலும் தட்டு வீண். குயவர் நூறு தட்டுகளையும் ஒன்றுபோலச் செய்யவே முயல்கிறார். சோற்றுக் கிண்ணம் வனையும்போதும் அப்படித்தான். ஆழத்தையும் அகலத்தையும் ஒரே நேரத்தில் காட்டும் சிறு அளவுகோலைக் கிண்ணத்துக்குள் நிறுத்திப் பார்த்துக்கொண்டே வனைகிறார். உலரும்போதும் சுடும்போதும் மண் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுருங்கும் என்பதைக் கணக்கிட்டு அளவைப் பெரிதாக வைக்கிறார். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஒரு கிண்ணம் மற்றொன்றைப் போல இருப்பதில்லை. விறகுத் தீ ஒருநாள் போல் மறுநாள் எரியாது; மண்ணும் ஒரே சீராக இராது. ஆகவே வேறுபாடு அவருடைய இலக்கன்று. ஒழுங்கை நோக்கிய முயற்சியின் விளைவு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வேண்டுமென்றே கோணலாகச் செய்து ‘கைவேலை’ முத்திரை குத்தி விற்கும் பொருளில் இந்த உயிர்ப்பு வருவதில்லை.

ஒழுங்கின் இன்னொரு முகத்தை வாஜிமாவில் காணலாம். இஷிகவா மாகாணத்தின் நோதோ தீபகற்பத்தில் உள்ள இந்த ஊர் உருஷிப் பூச்சுப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றது. நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. உருஷியோ ஒரு மரத்தைக் கீறி எடுக்கும் பால். மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. மாம்பாலும் சேராங்கொட்டை நெய்யும் தோலில் பட்டால் புண்ணாவதைப் போலவே பச்சை உருஷியும் புண்ணாக்கும். நன்றாக இறுகிய பிறகு அதனால் தீங்கில்லை. சுடுநீர், அமிலம், காரம், மது எதற்கும் அசையாத உறை அது. பெயின்டைப்போல அது வெயிலில் உலர்வதில்லை. காற்றில் எழுபது, எண்பது சதவீத ஈரப்பதம் இருந்தால்தான் அதிலுள்ள நொதி வேலை செய்து பூச்சை இறுக்கும். வாஜிமாக் கைவினைஞர்கள் கடைந்த மரக்கிண்ணத்தின் விளிம்பிலும் அடியிலும் முதலில் துணி ஒட்டுகிறார்கள். எளிதில் சிதையும் இடங்கள் அவை. அதன்மேல், அவ்வூரில் கிடைக்கும் ஒருவகை மென்மண்ணைச் சுட்டுப் பொடியாக்கி, உருஷியோடு குழைத்து, பல அடுக்குகளாகப் பூசித் தேய்க்கிறார்கள். கடைசல், அடிப்பூச்சு, தேய்ப்பு, மேற்பூச்சு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கைவினைஞர். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். இந்த உழைப்பின் பெரும்பகுதி கடைசிப் பூச்சுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. புதுக் கிண்ணத்தை வாங்குகிறவர் அந்தத் துணியைப் பார்க்கப் போவதில்லை. இருபது ஆண்டுகள் புழங்கிய பின்னும் விளிம்பு உதிராமல் இருக்கும்போதுதான் அதன் பொருள் விளங்கும். தங்கத்தால் ஒட்டுவதாகச் சொல்லப்படும் பழுதுபார்ப்பிலும் உண்மையில் ஒட்டுவது உருஷிதான். மேலே தூவும் பொடிதான் தங்கம். ஒட்டிய இடம் இறுகுவதற்கு வாரக்கணக்கில் காத்திருப்பதே அதில் முக்கால் வேலை.

மரத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. உருஷி மரத்தைக் கீற அது பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். ஒரு கோடைப் பருவம் முழுக்கக் கீறினால் ஒரு மரம் தருவது சுமார் 200 கிராம் பால்தான். அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். அடியிலிருந்து துளிர்ப்பதை மறுபடியும் வளர்ப்பார்கள். ஜப்பானில் எடுக்கப்படும் உருஷியில் பெரும்பகுதி வடக்கே இவாதே மாகாணத்தின் ஜோபோஜிப் பகுதியிலிருந்து வருகிறது. அந்நாட்டின் தேவையில் அது மிகச் சிறிய பங்கு. மீதியைப் பெரும்பாலும் சீனாவிலிருந்து இறக்குமதி செய்கிறார்கள். தேசியப் பொக்கிஷங்களாகவும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாகவும் அறிவிக்கப்பட்ட கோயில்கள் போன்ற கட்டடங்களைப் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று 2015இல் பண்பாட்டுத் துறை முடிவெடுத்தபோது, மரமும் போதவில்லை, பால் எடுக்கத் தெரிந்த ஆளும் போதவில்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. இன்று மரம் நடுகிறவர் பதினைந்து ஆண்டு கழித்து அதை வாங்க ஆள் இருக்கும் என்று நம்பித்தான் நடுகிறார். வீடுகள் உருஷிக் கிண்ணத்தைக் கைவிட்டால் கோயிலின் கூரையும் தூணும் பாதிக்கப்படும். ஒரு சூப் கிண்ணம் அவ்வளவு நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி.

இந்தப் பொருள்களைப் பார்க்கும் முறைக்கு ஒரு கோட்பாடு கொடுத்தவர் யனாகி முனெயோஷி (1889–1961). குயவர்களான ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோருடன் சேர்ந்து 1925இல் அவர் ‘மிங்கெய்’ என்ற சொல்லை உருவாக்கினார்; சாதாரண மக்களின் கைவினை என்பது அதன் பொருள். 1936இல் தோக்கியோவின் கொமாபாவில் அவர் தொடங்கிய நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தில் இன்று ஏறத்தாழ 17,000 பொருள்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத கைகள், அன்றாடப் பயன்பாட்டுக்காக, நிறைய எண்ணிக்கையில் செய்தவற்றிலேயே ஆரோக்கியமான அழகு இருக்கிறது என்பது அவர் கருத்து. இதற்கு அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளில் வலிமையானது கியோத்தோவின் தைதோகுஜி ஆலயத்தைச் சேர்ந்த கோஹோ-அன்னில் உள்ள கிசாஎமோன் என்னும் தேநீர்க் கிண்ணம். ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்றான அதை அவர் 1931இல் கையில் எடுத்துப் பார்த்தார். அது கொரியாவில் யாரோ ஒரு குயவர் அலட்டிக்கொள்ளாமல் வனைந்த சாதாரணக் கிண்ணம் என்றும், அந்த இயல்புத்தன்மையே அதன் அழகு என்றும் எழுதினார். அது சோற்றுக் கிண்ணமா, சடங்குப் பாத்திரமா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எதுவாயினும், அதைச் செய்தவர் கலைப்பொருளாக நினைத்துச் செய்யவில்லை என்பதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. கை பழகிப்போனால் அழகு தன்னை அறியாமலே வந்து சேரும் என்ற யனாகியின் வாதத்தை ஒன்தாவின் தட்டுகளும் உறுதிசெய்கின்றன.

இதற்கு வரும் முதல் மறுப்பு விலை. நூறு யென் கடையில் கோப்பை கிடைக்கும்போது, அதைப்போலப் பல மடங்கு கொடுத்து வாஜிமாக் கிண்ணம் வாங்குவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பதை மிங்கெய்ப் பொருளின் இலக்கணமாகவே யனாகி சொன்னார். ஆலைப் பொருள் வந்தபின் கைப்பொருள் அந்த இலக்கணத்தை இழந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விலையை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். நிறம் மங்கிய உருஷிக் கிண்ணத்தைப் பட்டறைக்கு அனுப்பினால் மறுபூச்சுப் பூசித் தருவார்கள். அடிப்பூச்சு உறுதியாக இருக்கும்வரை அது பிள்ளைகள் கைக்கும் போகும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் கிண்ணத்துக்குக் குப்பைத்தொட்டிதான் வழி. மேலும் ஜப்பானியச் சாப்பாட்டு மேசையில் எல்லாப் பாத்திரமும் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மண் தட்டும் பீங்கான் கிண்ணமும் மரக்கிண்ணமும் கலந்தே இருக்கும். ஆகவே இந்த ரசனைக்கு முப்பது உருப்படிகள் தேவையில்லை. நாள்தோறும் கையில் எடுக்கும் ஒரே ஒரு கிண்ணம் போதும். ஒன்தாவிலும் ஹமாதா வாழ்ந்த மாஷிகோவிலும் அன்றாடப் பாத்திரங்கள் நடுத்தர வீட்டுக்கு எட்டும் விலையில் இன்றும் விற்கின்றன.

இரண்டாவது மறுப்பு, ஆலையில் செய்த பொருளும் அழகாகத்தானே இருக்கிறது என்பது. இருக்கிறது. மோரி மசஹிரோ 1958இல் ஹாக்குசான் பீங்கான் நிறுவனத்துக்காக வடிவமைத்த சோயா சாஸ் குடுவை அச்சில் வார்க்கப்படுவது. சொட்டாமல் ஊற்றும் மூக்கும் விரல்கள் பற்றுவதற்கேற்ற இடையும் கொண்ட அதைவிடப் பொருத்தமான மேசைப் பொருள் அரிது. யனாகியின் மகன் யனாகி சோரி (1915–2011) ஆலை உற்பத்திக்கான வடிவமைப்பாளராகப் புகழ்பெற்றார். பின்னாளில் தந்தையின் அருங்காட்சியகத்துக்கே இயக்குநரானார். கைக்கும் எந்திரத்துக்கும் தீராப் பகை இருப்பதாகச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் சோரி எப்படி வேலை செய்தார் என்று பார்க்க வேண்டும். அவர் காகிதத்தில் படம் வரைவதோடு நிற்காமல், மாதிரிகளைக் கையாலேயே செய்து, பிடித்துப் பார்த்து, திருத்தித் திருத்தி வடிவத்தை அடைந்தார். நல்ல ஆலைப் பொருளுக்குப் பின்னாலும் மண்ணையும் மரத்தையும் தொட்டறிந்த கை இருக்கிறது. அந்த அறிவு எங்காவது நடைமுறையில் உயிரோடிருந்தால்தான் ஆலையும் அதிலிருந்து கடன் வாங்க முடியும். கைத்தொழில் முற்றிலும் அழிந்த நாட்டில் எந்திரம் பழைய வடிவங்களை நகலெடுத்துக்கொண்டே இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்ள அதற்கு ஆசிரியர் இருக்கமாட்டார்.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது. நகரத்து அறிவாளிகள் கிராமத்துக் குயவரைப் புனிதராக்கி, தங்கள் ஏக்கங்களை அவர்மேல் ஏற்றிவைத்தார்கள் என்பது அது. மானுடவியலாளர் பிரையன் மோரன் ஒன்தாவில் தங்கி ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட நூல், யனாகி இயக்கத்தின் புகழ் அந்தக் கிராமத்தின் பொருளாதாரத்தையும் குடும்பங்களுக்கிடையிலான உறவுகளையும் எப்படி மாற்றியது என்று காட்டுகிறது. அங்கே வனையும் தொழில் ஆண்களிடமும் மண் பதப்படுத்தும் கடின உழைப்பு பெண்களிடமும் இருந்துவந்தது. யனாகியின் கொரியப் பார்வைமீதும் விமர்சனம் உண்டு. கொரிய மக்களின் கலையை அவர் உண்மையாக நேசித்தார். ஜப்பானியக் காலனி ஆட்சி சியோலில் குவாங்வாமுன் வாயிலை இடிக்கக் கூடாது என்று 1922இல் எழுதினார். ஆனால் கொரியக் கலையின் சாரம் சோகம் என்று அவர் சொன்னதைக் கொரிய அறிஞர்கள் பின்னர் கடுமையாக மறுத்தார்கள். இந்த விமர்சனங்களை ஏற்பதால் பாத்திரத்தின் மதிப்பு குறைந்துவிடாது. புனிதப் புகையை விலக்கிவிட்டால் உழைக்கும் மனிதர் தெரிவார். அவருடைய திறமை இன்னும் தெளிவாகத் தெரியும். ‘தூய ஜப்பானியம்’ என்ற பேச்சுக்கும் இதுவே பதில். ஜப்பானின் அரிதாவில் பீங்கான் தொழில் தொடங்கியது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பான் கொரியாமீது நடத்திய படையெடுப்புகளின்போது கொண்டுவரப்பட்ட கொரியக் குயவர்களால்தான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத் துணிகள் ஜப்பானில் தேநீர்ப் பாத்திரங்களுக்கு உறையாகத் தைக்கப்பட்டன. கோடு போட்ட ஒருவகைப் பருத்தித் துணி அங்கே மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயராலேயே அழைக்கப்பட்டது. கைத்திறன் எல்லைகளைக் கடந்து கற்கப்படுவது. அதை ஒரு தேசத்தின் ஆன்மா என்று பூட்டிவைக்க வேண்டியதில்லை.

இந்தத் திறன்கள் இன்று நெருக்கடியில் இருக்கின்றன. ஜப்பான் 1974இல் மரபுக் கைவினைத் தொழில்களை வளர்ப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அன்றாட வாழ்வில் பயன்படுவது, முக்கிய வேலைகள் கையால் நடப்பது, நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வந்த நுட்பமும் மூலப்பொருளும் கொண்டது ஆகியவை அதன் முக்கிய நிபந்தனைகள். 240க்கு மேற்பட்ட தொழில்கள் அப்படி அறிவிக்கப்பட்டுள்ளன. பயன்பாட்டை நிபந்தனையாக வைத்தது அறிவான முடிவு. ஆயினும் 1980களின் உச்சத்தோடு ஒப்பிட்டால் உற்பத்தி மதிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று நோதோவைத் தாக்கிய 7.6 அளவு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் வாஜிமாவின் பட்டறைகளையும் சந்தைத் தெருவையும் நாசமாக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளமும் வந்தது. பல கைகள் சேர்ந்து செய்யும் தொழிலில் கடைசல்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் அடுத்தவருக்கு வேலை நின்றுவிடும். அரசு விருதும் அருங்காட்சியகமும் இதை ஓரளவே தாங்கும். தொழிலை உயிரோடு வைத்திருப்பது தினமும் சாப்பாட்டுக்கு அந்தக் கிண்ணத்தை எடுக்கும் கை.

ஆகவே ஜப்பானியக் கைப்பாத்திரம் ஒன்று உங்கள் வாங்குதிறனுக்குள் வந்தால், பார்த்து ரசிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதலில் கையில் ஏந்திக் கனத்தைப் பாருங்கள். விளிம்பை விரலால் தடவுங்கள். கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். மெருகு இல்லாத அந்த இடத்தில்தான் மண்ணின் உண்மையான நிறமும், செதுக்கிய கையின் தெளிவோ தடுமாற்றமோ தெரியும். எந்த ஊரில், எந்த மண்ணில், எந்த மரத்தில் செய்தது என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் பதில் சொல்வார். உருஷிக் கிண்ணத்தை மைக்ரோவேவிலும் பாத்திரம் கழுவும் எந்திரத்திலும் போடாதீர்கள். நேர் வெயிலில் வைக்காதீர்கள். மென்துணியால் கழுவித் துடைத்தால் போதும். விருந்தாளி வரட்டும் என்று எடுத்து வைக்காமல் இன்றைய சாப்பாட்டுக்கே எடுங்கள். உருஷி பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் மெருகேறும். அலமாரியின் வறண்ட காற்றில் அது நலிந்துபோகும். ஒரு கிண்ணம் வாங்குங்கள். அதில் தினமும் சாப்பிடுங்கள். அதைச் செய்தவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான்.